செட்டிநாட்டுக் கணக்கேடுகளும் நிர்வாக ஆய்வும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் நிர்வாகவியல் ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. சில ஆண்டுகளாக, "நம் மண்ணின் பார்வையில் நிறுவனங்களை ஆராயப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன். சில பதில்களில் சலிப்பு எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்சார்ந்த பார்வை என்றால் என்ன? அப்படியொன்று எதற்கு?

நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் இருக்கும் கோட்பாடுகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. நாடுகளின் பண்பாட்டை அளக்க உலகமெங்கும் எடுத்தாளப்படும் ஹோஃப்ஸ்டெடின் அளவுகோல்கூட, 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் என்ற ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் வாங்கிய பதில்களிலிருந்து பிறந்ததுதான். அந்த அளவுகோலைக் கொண்டுவந்து ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவரிடம் நீட்டினால் அவர் பதில் சொல்வார். கேட்டவர் மனம் நோகக்கூடாதே என்று சொல்வார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அட்டவணை போடலாம், பட்டமும் வாங்கலாம். அவர் தொழில் எப்படி நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஓர் ஊரில் வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது, கடன் யாரை நம்பிக் கொடுக்கப்படுகிறது, தவறினால் யார் கேட்பார்கள் என்பதை அந்த ஊர் தனக்கென்று வைத்திருக்கும் சொற்களிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே மண்சார்ந்த பார்வை.

ஆங்கிலத்தில் "இண்டிஜினஸ்" என்று ஒரு சொல். தமிழில் எதைப் போடுவது?

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, ஓர் இடத்துக்கே உரியது. சீனத்திலும் இந்தியாவிலும் "எங்கள் சூழலிலிருந்து கோட்பாடு வரட்டும்" என்று பேசும் நிர்வாகவியலாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு "மண்சார்ந்த" என்று போடுங்கள்.

இரண்டாவது, குடியேற்றத்தால் நிலத்தையும் மொழியையும் பறிகொடுத்த முதற்குடிகள்: நியூசிலாந்தின் மாவோரிகள், கனடாவின் கிரீ மக்கள், நம் பக்கத்தில் இருளர், குறும்பர், காணிக்காரர். 13 செப்டம்பர் 2007 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உரிமைப் பிரகடனம் இவர்களைப் பற்றியது. இதற்குத் "தொல்குடி" என்று எழுதுங்கள்.

மூன்றாவது பொருள் நம் ஊருக்கே சொந்தமானது, வேடிக்கையும்கூட. 1929 முதல் 1931 வரை நடந்த வங்கி விசாரணைக் குழுக்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக்கடைகளையும் மார்வாரிக் கடைகளையும் அதே சொல்லால் "சுதேச வங்கியாளர்கள்" என்று குறித்தன. அதாவது, ஐரோப்பிய முறை வங்கி அல்லாதவர்கள். 1935இல் ரிசர்வ் வங்கி வந்தபின், 1937இல் இவர்களைத் தன்னோடு இணைக்க ஒரு திட்டம் வகுத்தது. வங்கித் தொழில் தவிர்த்த மற்ற வியாபாரத்தை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. எவரும் பெரிதாக அசையவில்லை. ஒரே கூரையின் கீழ் நடந்த பண்ட வியாபாரத்தையும் பண வியாபாரத்தையும் பிரித்தால்தான் வங்கி என்று எண்ணிய பார்வையும், பிரித்தால் தொழிலே இல்லை என்று எண்ணிய பார்வையும் மோதிய இடம் அது. முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு மோதலே போதும். இதுவரை ஒரு மாணவரும் எடுக்கவில்லை.

அப்படியென்றால் நகரத்தார் தொல்குடி ஆகமாட்டார்களா?

மாட்டார்கள். ஒன்பது கோயில், பழமையான மரபு, தனக்கென்று ஒரு சொல்லகராதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் நிலம் பறிக்கப்பட்டவர்களின் பெயரை, தேக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர்களுக்குச் சூட்டக்கூடாது. கட்டுரையின் முதல் பத்தியிலேயே இதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

தொல்குடி நிறுவனம் என்று தமிழ்நாட்டில் காட்ட எதுவும் உண்டா?

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் அடைபட்டு இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978இல் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நஞ்சு, பாம்புக்கடி மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த வயிற்றுச் செதில் வெட்டைப் பாருங்கள். அதுவும் ஒரு கணக்குப் பதிவு. ஏடு பாம்பின் உடம்பிலேயே இருக்கிறது. அடுத்த முறை பிடிப்பவர் அதைப் படித்துவிட்டு விட்டுவிடுவார். கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் கிரீ வேட்டைத் தலைவர் ஒருவரோடு பழகி எழுதிய ஆய்வு 2000இல் நிர்வாகவியலின் முதல்தர இதழ் ஒன்றில் வந்தது. அங்கே வேட்டைத் தலைவரை "டாலிமேன்" என்கிறார்கள், கணக்கு வைப்பவர் என்று பொருள். பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் கூடுகளை எண்ணி வைத்தவர்களுக்கு வந்த பெயர். அவரை நிர்வாகி என்று ஏற்றுக்கொண்டு எழுதியதுதான் அந்த ஆய்வின் சிறப்பு.

செட்டிநாட்டில் ஆராய அப்படி என்ன இருக்கிறது? பங்களாக்களும் கோழிக்குழம்பும்தானே?

கோழிக்குழம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நகரத்தார் வட்டிக்கடை ஒன்றில் நுழைவோம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் கப்பலேறுகிறான், பெட்டியடிப் பையனாக. கைப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, வருகிறவர் முகம் பார்த்து, உண்டியல் (பணம் மாற்றும் சீட்டு) எழுதக் கற்று, மெல்ல அடுத்தாள் ஆகிறான். பிறகு கடையையே நடத்தும் மேலாள். முதலாளி தேவகோட்டையிலோ கண்டனூரிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ மோல்மேனிலோ பினாங்கிலோ கொழும்புச் செட்டியார் தெருவிலோ இருக்கும். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பங்கு கிளம்பும்போதே கைக்கு வரும். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து ஐந்தொகை போட்டு, அடுத்து வருகிறவரிடம் பெட்டிச்சாவியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

கடைக்குப் பெயர் விலாசம். தாத்தா, அப்பா, தான் என்று தலையெழுத்துகளை அடுக்கியது. பெயரைப் படித்தாலே மூன்று தலைமுறை தெரிந்துவிடும். மூன்று தலைமுறையின் மரியாதையும் அந்த எழுத்துகளில் அடகு இருக்கும்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அன்று கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி. பகலில் அங்கேயே தொழில், இரவில் அங்கேயே படுக்கை. அடுத்த கடைக்காரர் யாருக்கு மறுத்தார் என்பது காதில் விழும் தூரம். கடன் வாங்க வந்தவர் ஒரு பாயில் பொய் சொல்லிவிட்டு அடுத்த பாய்க்கு நகர முடியாது. "பகிர்வு அலுவலகம் என்று இன்று விற்பதை அன்றே செய்தார்கள்" என்று எழுதக் கை ஊறுகிறது. எழுதாதீர்கள். ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அதோடு கோயில். பினாங்கில் 1857, சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859 எனத் தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்தன. சாமி கும்பிடும் இடமே சங்கமும் ஆகிவிட்டது. நடப்பு வட்டி எவ்வளவு என்பதைக் கடைக்காரர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். தவணை வைப்புக்கான வட்டி அதையொட்டி நகரும். மகமைப் பணம் (தொழிலிலிருந்து கோயிலுக்கென்று எடுத்துவைக்கும் பங்கு) கோயில் கணக்கில் சேரும், கோயில் பணம் கடைகளுக்கு வட்டிக்குப் போகும். ஆக, ஏட்டில் சாமிக்கும் பற்று வரவு உண்டு. "நிறுவனத்தின் எல்லை எது" என்று பாடப்புத்தகம் கேட்கும் கேள்விக்கு, முருகன் கடனாளியா கடன் கொடுத்தவரா என்று சொல்லிவிட்டுப் பதில் தேடுங்கள்.

முதலாளி–முகவர் கோட்பாட்டை நம்மவர் அப்போதே அறிந்திருந்தார்கள் என்று எழுதலாமா?

இதைத்தான் வேண்டாம் என்றேன். ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் முதலாளிக்கும் முகவருக்கும் உள்ள இழுபறியைக் கோட்பாடாக்கினார்கள். "எங்கள் பாட்டன் 1876லேயே இதைச் செய்தான்" என்றால் என்ன ஆகும்? அவர்கள் கோட்பாடு உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்பதற்கு நீங்களே ஒரு சாட்சி கொண்டுவந்து கொடுத்தது ஆகும். பாட்டன் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்துவிடுவார்.

பொருந்தாத இடத்தைத் தேடுங்கள். அந்தக் கோட்பாட்டில் முகவர் முகவராகவே இருப்பார்; அவரைக் கண்காணிப்பதும் ஆசைகாட்டுவதும்தான் முதலாளியின் பாடு. இங்கே இன்றைய மேலாள் நாலு காசு சேர்த்து நாளை தன் விலாசத்தில் கடை போடுவார் என்பது முதலாளிக்கும் தெரியும், மேலாளுக்கும் தெரியும். கடை போடும்போது அவருக்குக் கைகொடுப்பவரும் பழைய முதலாளியாக இருக்கலாம். அவர் மகனுக்கு இவர் மகளைக் கேட்டும் வரலாம். இந்த உறவில் கண்காணிப்பு யார் கையில் இருக்கிறது? ஊரிலா, கோயிலிலா, கல்யாணப் பேச்சிலா? இந்தக் கேள்விக்கு 1976 கட்டுரையில் இடமில்லை. உங்கள் ஆய்வுக்கு இடம் அங்கேதான்.

ஏற்கெனவே சோதித்த ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கினால் போதாதா?

தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறை 1970 முதல் இருக்கிறது. எழுத்து ஒத்துப்போகும். உலகம் ஒத்துப்போக வேண்டுமே.

குடும்பத் தொழில்களைப் பற்றிய வினாத்தாள் ஒன்றோடு ஒரு மாணவியும் நானும் கோட்டையூர்ப் பக்கம் ஒரு வளவு வீட்டுக்குப் போனோம். முகப்புத் திண்ணை, உள்ளே பட்டாலை, அதைத் தாண்டி வானம் தெரியும் வளவு, சுற்றிலும் வரிசையாகப் பூட்டிய அறைகள். எண்பதைத் தாண்டிய ஆச்சி தூணோரம் உட்கார்ந்து கொட்டான் என்னும் கூடைக்கு ஓலை வகிர்ந்துகொண்டிருந்தார். மாணவி இரண்டாவது கேள்வியைப் படித்தாள்: "உங்களுடையது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா, ஆச்சி?"

ஓலையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "வீடு ஒன்று, உலை நான்கு. நீ எந்தக் கட்டத்தில் கோடு போடுவாய், ஆத்தா?"

மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவது அங்கே வழக்கம். அதே வீடு, அதே வளவு. ஆனால் தனி அறை, தனி அடுப்படி, அவர்களுக்கென்று அளந்து கொடுத்த நெல். கல்யாணமானவர் கோயிலில் ஒரு புள்ளி. வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான். கல்யாணமாகாதவர், எவ்வளவு சம்பாதித்தாலும், தனிப் புள்ளி ஆகமாட்டார். அளவீட்டின் அலகே வேறாக இருக்கிற ஊரில், "குடும்பத்தில் எத்தனை பேர்" என்ற கேள்வி எதை அளக்கிறது? மாணவி இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுவிட்டு வந்தாள். கணினி அந்தத் தாளை ஏற்கவில்லை.

இன்னொன்று, நம்பிக்கையை அளக்கும் கேள்விகள். தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் சொல் தவறாமை. "அவர் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு" என்பது என் மனத்தைப் பற்றிய செய்தி. "அவர் நாணயமானவர்" என்பது ஊர் கொடுத்த சான்றிதழ். ஏழு கட்ட அளவுகோல் முதலாவதை மட்டும் பிடிக்கும். கடைக்காரர் கடன் கொடுப்பதோ இரண்டாவதைப் பார்த்து.

பர்மாவைப் பற்றி எழுதினால் ஊரில் வருத்தப்படுவார்கள். விட்டுவிடலாமா?

விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். 1930 வாக்கில் பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் புழங்கியதாகவும் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி முகத்துவாரத்துக் காடு வயலானதற்கு இந்தப் பணம் முக்கியக் காரணம். இது நம் ஊரில் சொல்லும் கதை, உண்மைதான்.

பிறகு உலக மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937–38இல் அது 25 சதவீதமாகிவிட்டது. கொடுத்தவர்களுக்குப் பணம்தான் வேண்டும், நிலம் வேண்டாம் என்று இங்கே சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உழுத பர்மியர் தன் வயலில் குத்தகைக்காரராக நின்றார். 1942இல் ஜப்பானியர் வந்தபோது நம்மவர் நடந்தே ஊர் திரும்பியதையும், பின்னால் நிலமும் கடைகளும் தேசவுடைமையானதையும் இங்கே நான்காம் தலைமுறைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டுகளை அந்த வயலின் கரையிலிருந்து பார்த்தால் யார் மண்ணின் மக்கள்? "மண்சார்ந்த" என்ற சொல்லைக் கையில் எடுத்தவர் இந்தக் கேள்விக்கு முன் நின்றுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஏட்டில் யார் இல்லை?

நல்ல கேள்வி, அரிதாகத்தான் வருகிறது. பெண்கள் இருக்கிறார்கள், பலர் நினைப்பதைவிட அதிகமாக. சீதனமாக வந்த பணம் அவர்கள் பெயரிலேயே கடையில் வட்டிக்குக் கிடக்கும். ஆச்சிமார் பணம் என்று அதற்குத் தனிப்பெயர். கடையின் மூலதனத்தில் அது எவ்வளவு, அதை எடுக்கும் உரிமை யாருக்கு என்று பார்த்தால் "ஆண்கள் நடத்திய தொழில்" என்ற வாக்கியம் ஆட்டம் காணும்.

என் தாத்தா ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தவர்; தவசிப்பிள்ளை என்பார்கள். அந்த வீட்டுச் சிட்டை (நாள்கணக்கு) ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே "சிவமயம்", முதல் பதிவு சாமி பேருக்கு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவர் இருந்தார்: "தவசிப்பிள்ளைக்கு வேட்டி 1", "தவசிப்பிள்ளை ஊர் போக 2 ரூபாய்". முப்பது ஆண்டு வேலை செய்தவருக்குப் பெயர் இல்லை. முருகனுக்குப் பேரேட்டில் தனிப்பக்கம் இருக்கிறது. அன்று முதல் எந்த ஏட்டைத் திறந்தாலும், பெயரோடு வருகிறவர் யார், தொழிலோடு மட்டும் வருகிறவர் யார் என்று இரண்டு பட்டியல் போட்ட பிறகுதான் தொகைகளைப் பார்க்கிறேன். மாணவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

பழைய ஏடு கிடைத்தால் உடனே படம் எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் கேளுங்கள். யாரிடம் என்பதுதான் சிக்கல். பூட்டிய வீட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் ஒருவர்; பங்காளிகள் நாற்பது பேர், அமெரிக்கா வரை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் விலைக்கு வாங்கினாலும் அதில் எழுதியிருக்கும் கடனாளியின் பேரன் பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

தொல்குடி ஆய்வில் இதைப் பற்றி நாம் கற்க நிறைய இருக்கிறது. மாவோரி அறிஞர் லிண்டா துகிவாய் ஸ்மித் 1999இல் எழுதிய நூல், "ஆராய்ச்சி" என்ற சொல்லே தொல்குடிகளுக்கு அழுக்கேறிய சொல்லாகிவிட்டதைப் பேசியது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களை ஆராய வருகிறவர்களுக்கென்று 2017இல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி நீட்டினார்கள். 2019இல் தொல்குடித் தரவு பற்றிய நான்கு கொள்கைகள் வந்தன: பயன் அந்தச் சமூகம் முழுவதற்கும் சேர வேண்டும், ஆளும் உரிமை அவர்களுடையது, பொறுப்பு ஆய்வாளருடையது, அறம் தவறக்கூடாது. நகரத்தார் தொல்குடி இல்லை என்றாலும் ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர், கண்டாங்கி நெய்பவர் போன்றவர்களிடம் போகும்போது இந்த நான்கும் அப்படியே பொருந்தும். எழுதியதை எடுத்துப்போய் அவர்களிடம் தமிழில் படித்துக்காட்டுங்கள். பாதி மாணவர்கள் இதைச் செய்வதில்லை. கேட்டால் பஸ் வசதி இல்லை என்கிறார்கள்.

நான் இதே ஊர். எனக்கு இது எளிதுதானே?

கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் "உனக்குத் தெரியாததா" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். தெரிந்ததுபோல் தலையாட்டாமல் கேளுங்கள்.

இந்தச் சொற்களை ஆங்கிலக் கட்டுரையில் எப்படி எழுதுவது?

அப்படியே எழுதுங்கள், முதல் முறை ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். மேலாளை "மேனேஜர்" என்று மாற்றிய நொடியில் மூன்றாண்டுத் தவணையும் கல்யாணப் பேச்சும் காணாமல் போய்விடும்.

ஏடுகளைப் படிக்க எவ்வளவு நாள் பழக வேண்டும்?

கையெழுத்துக்கு இரண்டு மாதம். தமிழ் எண்களுக்கு ஒரு வாரம். பின்னங்களுக்குப் பொறுமை: அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் ஓர் அணா ரூபாயில் மாகாணி. இது பிடிபட்டால் பாதிப் பக்கம் புரிந்துவிடும். மலேயாக் கணக்கென்றால் ரூபாய் இருக்காது, வெள்ளி (டாலர்) இருக்கும்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது ஆண்டில்தான். ஏட்டில் கிறிஸ்தவ ஆண்டு இல்லாமல் "பிரமோதூத வருஷம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிரமோதூத 1930ஆகவும் இருக்கலாம், 1870ஆகவும் இருக்கலாம். ஒரு மாணவர் மந்த காலத்து வாராக்கடன் என்று நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். ஏட்டைத் திருப்பிப் பார்த்தேன். காகிதமும் எழுத்தும் மிகப் பழையவை. கடன் வாங்கியவர் வரிசையில் அந்த மாணவரின் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பா இருந்தார்.